உங்கள் கடவுச்சொல் சர்வரில் இல்லை

“தம்பி, என் பாஸ்வர்ட் மறந்துபோச்சு. நீதானே செட் பண்ணிக் கொடுத்தே, உள்ள பார்த்துச் சொல்லேன்.” மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஊரில் ஆலயத்துக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ ஒரு சின்ன சர்வரைக் கவனித்துக்கொள்ளும் இளைஞர்கள் எல்லாருமே கேட்டுப் பழகிய பேச்சு இது. “பார்க்க முடியாது அங்கிள், வேணும்னா புதுசு போட்டுத் தர்றேன்” என்று சொன்னால் பெரியவர் முகம் சுருங்கிவிடும். பையன் சொல்ல மனமில்லாமல் மழுப்புகிறான் என்றே எடுத்துக்கொள்வார்.

பையன் மழுப்பவில்லை. அவனால் உண்மையிலேயே பார்க்க முடியாது. ஒழுங்காக அமைத்த ஒரு சர்வரில் யாருடைய கடவுச்சொல்லும் இருக்காது. கடவுச்சொல்லை உருவாக்கிக் கொடுத்த கருவியே அதை வைத்துக்கொள்வதில்லை. ஆனால் நம்மிடையே இதைப் பற்றி நடக்கும் பேச்சு வேறு மாதிரி. “எல்லாம் அட்மினுக்குத் தெரியும்” என்பார் ஒருவர். “என்கிரிப்ட் பண்ணிப் பூட்டி வெச்சிருக்காங்க, சாவி அவங்ககிட்ட இருக்கு” என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு. இந்தத் தவறான எண்ணத்தை நம்பித்தான் போனில் ஏமாற்றுகிறவர்களும் பிழைக்கிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாக விளக்க விரும்புகிறேன். கணினி படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

செக்ரோலில் வைத்த கைநாட்டு

பால்மரக் காலத்து ரப்பர் தோட்டங்களில் சம்பள நாளன்று கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கிராணி எனப்படும் எழுத்தரின் முன் நின்று, செக்ரோல் என்ற பதிவேட்டில் தங்கள் பெயருக்கு நேரே கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார்கள். அந்தப் புத்தகத்தில் இருந்தது விரல் அல்ல, விரலின் தடம் மட்டுமே. யாராவது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனாலும் அந்தத் தடத்தை வைத்து ஒரு விரலைச் செய்துவிட முடியாது. அதே ஆள் திரும்ப வந்து விரலை வைத்தால், பழைய தடத்தோடு ஒப்பிட்டு “இவர்தான்” என்று சொல்ல முடியும். சரிபார்ப்பதற்குத் தடம் போதும், விரலை வெட்டி வாங்கி வைக்க வேண்டியதில்லை.

சர்வர் செய்வதும் இதைத்தான். நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டியதும் அதிலிருந்து ஒரு தடத்தை எடுத்துக்கொண்டு, கடவுச்சொல்லை அந்த நொடியே விட்டுவிடுகிறது. அடுத்த முறை நீங்கள் உள்ளே நுழையும்போது தட்டியதிலிருந்து மறுபடியும் தடம் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுகிறது. பொருந்தினால் கதவு திறக்கும்.

ஒப்பீடு இந்த அளவுக்குத்தான் கைகொடுக்கும். விரலை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது, ஆனால் சொல்லை ஊகிக்கலாம். சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹேஷ் என்றால் என்ன

அந்தத் தடத்துக்குக் கணினி உலகில் ஹேஷ் என்று பெயர். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதை ஒரு கணக்குக்கு உட்படுத்தி, ஒரே நீளமுள்ள எழுத்துக் குவியலாக மாற்றித் தருவது ஹேஷ். அதே சொல்லை மறுபடி கொடுத்தால் அதே குவியல் வரும். ஒரே ஒரு எழுத்தை மாற்றிக் கொடுத்தாலும் முழுக்க வேறொன்று வரும், முந்தியதன் சாயல்கூட இருக்காது. குவியலிலிருந்து சொல்லுக்குத் திரும்பிவர வழி கிடையாது.

என்கிரிப்ஷன் வேறு விஷயம். அதில் ஒரு சாவி உண்டு, சாவி உள்ளவர் பூட்டியதைத் திறந்து பழைய சொல்லை அப்படியே எடுக்கலாம். ஹேஷில் சாவியே இல்லை. அட்மினிடமும் இல்லை, கருவியை எழுதியவரிடமும் இல்லை. “மறந்துவிட்டேன்” என்று அழுத்தினால் உங்கள் பழைய கடவுச்சொல்லை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பும் இணையத்தளம் ஏதாவது இருந்தால், அது தடத்தை அல்ல, விரலையே வைத்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே கணக்கு வைத்துக்கொள்வது ஆபத்து.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: சர்வர் கடவுச்சொல்லை வைத்துக்கொள்வதில்லை, அதன் ஹேஷை மட்டும் வைத்துக்கொள்கிறது. ஹேஷைக் கொண்டு சரிபார்க்கலாம், திரும்ப எடுக்க முடியாது.

இந்தப் பாடம் எளிதில் வரவில்லை. 1960-களில் அமெரிக்காவின் எம்ஐடி கழகத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்திய சிடிஎஸ்எஸ் என்ற கணினி அமைப்பில் எல்லாருடைய கடவுச்சொல்லும் ஒரே கோப்பில் அப்படியே எழுதியிருந்தது. ஒருநாள் நிர்வாகிகள் இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருந்தார், மற்றவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். மென்பொருள் இரண்டுக்கும் ஒரே தற்காலிகப் பெயரைக் கொடுத்துவிட்டதால் கோப்புகள் இடம் மாறிப்போயின. அதன் பிறகு உள்ளே நுழைந்தவர் அனைவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல் பட்டியல் திரையில் வந்தது. 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸ் அமைப்பில் கடவுச்சொல்லைக் காத்த விதத்தை ஒரு கட்டுரையாக எழுதினார்கள். திரும்ப எடுக்க முடியாத தடத்தை மட்டும் சேமிப்பது என்ற அந்த வழிதான் இன்றும் நிற்கிறது.

கருப்புத் திரையில் ஒரு கணக்கு

இனி கருவிக்கு வருவோம். கட்டளை வரி என்பது சுட்டியும் பொத்தானும் இல்லாமல், எழுத்தில் ஆணை கொடுத்து வேலை வாங்கும் கருப்புத் திரை. ஓர் ஆலய நிர்வாகம் கல்யாண மண்டப முன்பதிவுப் பக்கத்தை ஐந்து பேர் மட்டும் பார்க்கும்படி வைக்க விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். இணையப் பக்கங்களை அனுப்பித் தரும் அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளோடு கூடவே வரும் எச்டிபாஸ்வர்ட் (htpasswd) என்ற சிறிய கருவி இதற்குப் போதும். கருவியின் பெயரைத் தட்டி, எந்தக் கோப்பில் எழுத வேண்டும், யாருடைய பெயரில் என்று சொன்னால், அது கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டும்போது திரையில் ஒன்றும் தெரியாது, நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை கெட்டுப்போனதோ என்று பலர் பயந்துவிடுகிறார்கள். கெட்டுப்போகவில்லை. பின்னால் நிற்பவருக்கு எத்தனை எழுத்து என்பதுகூடத் தெரியக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது முறையும் கேட்டு, இரண்டும் ஒத்துப்போனால் கோப்பில் ஒரு வரியை எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும்.

கட்டளையோடு சேர்க்கும் ஒற்றை எழுத்துக் குறிகளில்தான் கவனம் வேண்டும். முதலில் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது சிறிய ‘சி’ (c). புதிய கோப்பை உருவாக்கு என்று அர்த்தம். முதல் ஆளைச் சேர்க்கும்போது இது வேண்டும். இரண்டாவது ஆளைச் சேர்க்கும்போது பழக்கதோஷத்தில் இதையும் சேர்த்துத் தட்டினால், கருவி ஏற்கெனவே இருந்த கோப்பைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். எச்சரிக்கை எதுவும் வராது. தலைவர், செயலாளர், பொருளாளர் என முன்பு சேர்த்த எல்லாரும் வெளியே நிற்பார்கள், கடைசியாகச் சேர்த்தவர் மட்டும் உள்ளே இருப்பார். ஹேஷிலிருந்து பழையதை மீட்க முடியாது என்பதால், கோப்பின் நகல் இல்லாவிட்டால் அத்தனை பேருக்கும் புதிதாகப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

மற்ற இரண்டும் பெரிய ‘பி’ (B), சிறிய ‘பி’ (b). ஒரே எழுத்து, ஆனால் ஒன்று காப்பாற்றும், மற்றது காட்டிக்கொடுக்கும். பெரிய ‘பி’ போட்டால் பிகிரிப்ட் என்ற வலுவான முறையில் ஹேஷ் எடுக்கும். போடாவிட்டால் எம்டி5 என்ற ஹேஷை அடிப்படையாகக் கொண்ட பழைய முறையை எடுத்துக்கொள்ளும். சிறிய ‘பி’ என்பது “கேட்காதே, கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதித் தருகிறேன்” என்பது. வசதியாகத்தான் தோன்றும். ஆனால் கட்டளை வரி நீங்கள் தட்டிய கட்டளைகளை ஹிஸ்டரி என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறி விசையை நாலு தட்டு தட்டினால் கடவுச்சொல் பளிச்சென்று திரையில் நிற்கும். கட்டளை ஓடிக்கொண்டிருக்கும் கணத்தில் அதே கணினியில் உள்ள மற்றவர்கள் இயங்கும் வேலைகளின் பட்டியலைப் பார்த்தாலும் தெரிந்துவிடலாம். கோப்பில் தடத்தை மட்டும் எழுத இவ்வளவு பாடுபட்டுவிட்டு, பக்கத்துக் கோப்பில் விரலையே விட்டுவிட்டுப் போவதா? சிறிய ‘பி’யை மறந்துவிடுங்கள்.

அந்த ஒரு வரியில் என்ன இருக்கிறது

கோப்பைத் திறந்து பார்த்தால் ஒருவருக்கு ஒரு வரி. முதலில் பயனர் பெயர், பிறகு முக்காற்புள்ளி, பிறகு 60 குறிகள் கொண்ட ஒரு நீளச் சரம். புரியாத கிறுக்கல் போலத் தோன்றினாலும் அதற்குள் ஒழுங்கு இருக்கிறது.

முதல் 7 குறிகள் டாலர் குறிகளால் பிரிக்கப்பட்டவை: ‘2ஒய்’ என்பது பிகிரிப்ட் முறையில் எடுத்தது என்று சொல்கிறது, அடுத்து வரும் ‘05’ என்பது கணக்கின் கடினம். அதற்கடுத்த 22 குறிகள் சால்ட். கடைசி 31 குறிகள்தான் ஹேஷ்.

சால்ட் என்பது ஒவ்வொரு கணக்குக்கும் கருவி குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, கடவுச்சொல்லோடு கலந்து ஹேஷ் எடுக்கும் சில குறிகள். அது ரகசியம் இல்லை, வரியிலேயே வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ரகசியம் இல்லாதது எப்படிப் பாதுகாப்பு என்று கேட்கலாம். தலைவரும் பொருளாளரும் தற்செயலாக ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால், சால்ட் இல்லாத கோப்பில் இருவருக்கும் ஒரே ஹேஷ் இருக்கும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். அதைவிட மோசம், திருடுகிறவர் ஒரு சொல்லுக்கு ஒருமுறை ஹேஷ் எடுத்தால் போதும், கோப்பில் உள்ள மில்லியன் பேரோடும் ஒரே வீச்சில் ஒப்பிடலாம். சால்ட் இருந்தால் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக உழைக்க வேண்டும். 2012-இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து 6.5 மில்லியன் ஹேஷ்கள் வெளியே வந்தபோது அவை சால்ட் இல்லாமல் எடுக்கப்பட்டவை. அதனால்தான் மிக வேகமாக உடைபட்டன. 2009-இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து போன 32 மில்லியன் கடவுச்சொற்களுக்கு ஹேஷே இல்லை, அப்படியே எழுதி வைத்திருந்தார்கள். அதில் மிக அதிகம் பேர் வைத்திருந்தது ‘123456’.

கடினம் என்ற எண் இன்னும் முக்கியம். பிகிரிப்ட் முறையை 1999-இல் நீல்ஸ் புரோவோஸ், டேவிட் மசியேர் என்ற இருவர் வெளியிட்டார்கள். வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹேஷ் அது. எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். நுழைகிறவருக்கு அரை விநாடி தாமதம் ஒரு பொருட்டில்லை, கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்க்கிறவருக்கோ அது முதுகெலும்பை முறிக்கும். எச்டிபாஸ்வர்ட் தானாக எடுத்துக்கொள்ளும் கடினம் 5 மட்டுமே, என் கணிப்பில் இன்றைக்கு அது போதாது. பெரிய ‘சி’ (C) என்ற குறியோடு குறைந்தது 10 என்று கொடுங்கள், 32 மடங்கு கடினமாகும்.

ஐசி எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்தால்

ஹேஷைத் திரும்ப எடுக்க முடியாது என்றால் திருடியவர் என்னதான் செய்வார்? ஊகிப்பார். ஒரு சொல்லை எடுத்து, சால்டைக் கலந்து, ஹேஷ் எடுத்து, கோப்பில் உள்ளதோடு ஒப்பிடுவார். பொருந்தாவிட்டால் அடுத்த சொல். இதையெல்லாம் அவர் தன் வீட்டுக் கணினியில் செய்கிறார், “மூன்று முறை தவறு, கணக்கு முடக்கம்” என்று தடுக்க அங்கே யாருமில்லை.

நம்மவர்கள் பலர் கடவுச்சொல்லாக ஐசி எண்ணை, அதாவது மலேசிய அடையாள அட்டை எண்ணை, வைக்கிறார்கள். 12 இலக்கம், நீளம்தானே என்ற நம்பிக்கை. ஆனால் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 36,500 தேதிகள்தான். அடுத்த 2 இலக்கம் பிறந்த மாநிலம், பேராக் என்றால் பெரும்பாலும் 08. மீதி நான்கில் 10,000 வாய்ப்பு. பெருக்கினால் 365 மில்லியன். ஆர்டிஎக்ஸ் 4090 போன்ற, கணினி விளையாட்டுக்காக வந்த ஒரே ஒரு கிராஃபிக்ஸ் அட்டை, கடினம் 5 உள்ள பிகிரிப்டில் விநாடிக்கு ஏறத்தாழ 180,000 ஊகங்களைச் சோதிக்கும். 08 என்ற குறியீடு உள்ள அத்தனை பேரின் ஐசி எண்ணையும் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு முடித்துவிடும். கடினத்தை 10 ஆக்கினால் 18 மணி நேரம் ஆகும். சாதாரண எம்டி5 என்றால் அதே அட்டை விநாடிக்கு 100 பில்லியனுக்கு மேல் சோதிக்கும், கண்ணை மூடித் திறப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

கார் எண் இன்னும் மோசம். பேராக்குக்கான ‘ஏ’யில் தொடங்கி, இன்னும் இரண்டு எழுத்தும் நான்கு இலக்கமும் என்று வைத்தாலும் 7 மில்லியனைத் தாண்டாது. கடினம் 5-இல் ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை. பிள்ளை பெயரும் 123-உம், சாமி பெயரும் பிறந்த ஆண்டும் இந்தப் பட்டியலில் முதலிலேயே வந்துவிடும்.

மாற்று என்ன? 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து, பகடை உருட்டி, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை எடுங்கள். வாய்ப்புகள் 3,600 டிரில்லியனைத் தாண்டும். கடினம் 10-இல் அதே ஓர் அட்டைக்கு எல்லாவற்றையும் சோதிக்க ஏறத்தாழ 20,000 ஆண்டு பிடிக்கும். நான்கு சொல்லை மனப்பாடம் செய்வது ஒரு திருக்குறளை மனப்பாடம் செய்வதைவிட எளிது. சொற்களை நீங்களே தேர்ந்தெடுக்காமல் பகடைக்கு விடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது, மனிதர் தேர்ந்தெடுப்பதை மனிதர் ஊகிப்பார்.

தமிழிலேயே தட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். கணினி ‘தோட்டம்’ என்ற சொல்லை 7 குறியீடுகளாக, ஒவ்வொன்றும் 3 பைட்டாக, மொத்தம் 21 பைட்டாகச் சேமிக்கிறது (பைட் என்பது கணினியின் சேமிப்பு அலகு). பிகிரிப்ட் முதல் 72 பைட்டுகளைத்தான் கணக்கில் எடுக்கும், அதற்கு மேல் தட்டுவது வீண். தவிர ‘தோ’ என்பதில் உள்ள துணைக்குறியை ஒரே குறியீடாகவும் இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஹேஷோ முழுக்க மாறிவிடும். கணினியில் தட்டியது கைப்பேசியில் ஏற்காமல் போவதற்கு இது ஒரு காரணம். பல கருவிகளில் நுழைய வேண்டியிருந்தால் ஆங்கில எழுத்தில் வைப்பதே நிம்மதி.

சுருக்கமாக: சால்ட் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தாக்க வைக்கிறது, கடினம் ஒவ்வொரு ஊகத்தையும் மெதுவாக்குகிறது. ஆனால் எளிதில் ஊகிக்கக்கூடிய சொல்லை இரண்டும் சேர்ந்தாலும் நெடுநாள் காப்பாற்றாது.

திரும்ப எடுத்தாக வேண்டிய கடவுச்சொல்

இங்கே பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சில நேரம் நம் சர்வர் வாயிற்காவலராக இல்லாமல், வேறொரு வாசலுக்குப் போகும் விருந்தாளியாக இருக்கும். தினமும் இரவில் ஆலயக் கணக்குகளை இணையக் கிடங்கு ஒன்றில் நகல் எடுத்து வைக்கும் நிரலை நினைத்துப் பாருங்கள். அது அங்கே போய் உண்மையான கடவுச்சொல்லையே சொல்ல வேண்டும். ஹேஷ் உதவாது. இங்கேதான் சாவியோடு கூடிய என்கிரிப்ஷனுக்கு வேலை.

கட்டளை வரியில் பாஸ் என்ற கருவி ஒவ்வொரு கடவுச்சொல்லையும் தனித்தனி என்கிரிப்ட் கோப்பாக வைக்கும். திரையில் சொடுக்கிப் பழகியவர்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி, பிட்வார்டன் போன்றவை இருக்கின்றன. நிரலுக்கான கடவுச்சொல்லை ஒரு கோப்பில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உரிமையாளர் மட்டும் படிக்கும்படி அந்தக் கோப்பின் அனுமதியை 600 ஆக்குங்கள். இதெல்லாம் முடியாத பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதி அலமாரியில் பூட்டி வைப்பதை நான் குறை சொல்லவே மாட்டேன். நிர்வாகக் குழுவின் வாட்ஸ்அப்பில் போடுவதைத்தான் தயவுசெய்து நிறுத்த வேண்டும். குழுவிலிருந்து போனவர் கைப்பேசியிலும் அது இருக்கும், தொலைந்துபோன கைப்பேசியிலும் இருக்கும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் ஏமாற்று அழைப்புகளை அடையாளம் காண்பதும் எளிதாகிறது. “வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் பாஸ்வர்டைச் சரிபார்க்க வேண்டும், சொல்லுங்கள்” என்று யாராவது கேட்டால், சரிபார்ப்பது கணினியின் வேலை, அதற்குத் தடம் போதும் என்பது உங்களுக்குத் தெரியும். காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய தேவை எந்த வங்கிக்கும் இல்லை. சொல்லிவிட்டுப் பணம் போய்விட்டதென்றால் தாமதிக்காமல் 997-ஐ அழையுங்கள், மலேசியாவின் தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது.

கோப்பை எங்கே வைப்பது, எப்போது துடைப்பது

கடவுச்சொல் கோப்பு, இணையப் பக்கங்கள் இருக்கும் அடைவுக்கு (ஃபோல்டருக்கு) வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்துவிட்டு அமைப்பிலும் பிசகிவிட்டால் எவரும் முகவரியைத் தட்டியே அதைப் பதிவிறக்கிவிடலாம். பக்கம் கண்டிப்பாக, போகிற தகவலை என்கிரிப்ட் செய்து அனுப்பும் எச்டிடிபிஎஸ் வழியாகவே திறக்க வேண்டும். இந்த எளிய நுழைவு முறையில் உலாவி ஒவ்வொரு முறையும் பெயரையும் கடவுச்சொல்லையும் பேஸ்64 என்ற வடிவில் அனுப்புகிறது. அது வெறும் எழுத்து மாற்றம், வழியில் பிடிப்பவர் ஒரு நொடியில் படித்துவிடுவார். ஒட்டுக்கடையின் இலவச வைஃபையில் உட்கார்ந்து முன்பதிவு பார்க்கும் பொருளாளருக்கு இது பொருந்தும்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும்போது, பழையவர்களின் வரிகளைப் பெரிய ‘டி’ (D) என்ற குறியோடு அன்றைக்கே நீக்கிவிடுங்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் என்று வைத்திருந்தால் இப்படி ஒருவரை மட்டும் நீக்க முடியாது. ஆளுக்கொரு கணக்கு போட முதல் நாளில் பத்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான். நீக்குவதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்து வையுங்கள். அந்த நகலையும் சர்வரில் வைக்கும் கோப்பைப் போலவே பூட்டி வையுங்கள், ஊகிக்க நினைப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.